கூரைச் சூரிய மின்சாரத்துக்கு ஒரு மின்னழுத்தச் சோதனை: பினாங்கில் பெற்ற சேவையின் மதிப்புரை

பினாங்குத் தீவின் சுங்கை ஆரா வட்டாரத்தில் உள்ள எங்கள் வரிசை வீட்டின் கூரையில் 4 கிலோவாட் சூரிய மின்னமைப்பு ஒன்று இயங்கி வருகிறது. வெயில் நன்றாகக் காய்கின்ற நண்பகல் வேளைகளில் அதன் இன்வெர்ட்டர், அதாவது தகடுகள் தரும் நேர்திசை மின்சாரத்தை வீட்டுக்குரிய மாறுதிசை மின்சாரமாக மாற்றும் கருவி, அடிக்கடி தானாகவே நின்றுவிடும். சில நிமிடங்கள் கழித்து மீண்டும் ஓடத் தொடங்கும். சற்று நேரத்தில் மறுபடியும் நிற்கும். இந்தச் சிக்கலுக்குக் காரணம் கண்டு தீர்வு காண, எதிர்க்கரையில் உள்ள பிறை நகரிலிருந்து இயங்கும் ஒரு சிறிய தொழில்நுட்பக் குழுவின் மின்னழுத்தச் சோதனைச் சேவையைக் கட்டணம் செலுத்திப் பெற்றோம். கோளாறைக் கண்டறிந்த விதத்தில் அவர்கள் மிகச் சிறந்தவர்கள் என்பதும், கண்டறிந்ததை வீட்டுக்காரருக்கு விளங்கும்படி எழுதித் தருவதில் அவர்கள் இன்னும் உழைக்க வேண்டும் என்பதும் என் முடிவு. அமைப்பைப் பொருத்திய முதல் நிறுவனத்தின் பெயரையும் இந்தக் குழுவின் பெயரையும் நான் எழுதப் போவதில்லை. இதே வேலையை யாரிடம் கேட்டுப் பெற்றாலும் அதன் தரத்தை வாசகர் தாமே எடைபோட வேண்டும் என்பதால், செய்யப்பட்ட வேலையை விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் பின்னணி. 2021-ஆம் ஆண்டில் வீட்டுக் கூரைச் சூரிய மின்சாரத்துக்கான நெம் ராக்யாட் என்ற அரசுத் திட்டம் தொடங்கியபோது, ஒருமுனை இணைப்புள்ள வீட்டுக்கு 4 கிலோவாட், மும்முனை இணைப்புள்ள வீட்டுக்கு 10 கிலோவாட் என்று உச்சவரம்பு இருந்தது. அந்தத் திட்டத்தின்கீழ்தான் நாங்களும் எங்கள் வீதியில் இன்னும் பலரும் தகடுகளைப் பொருத்தினோம். பகலில் வீட்டுத் தேவைக்குப் போக மிஞ்சுகின்ற மின்சாரம் விநியோகக் கம்பிக்குள் செல்கிறது. அது மாதக் கட்டணத்தில் கழிக்கப்படுகிறது. ஆகவே இன்வெர்ட்டர் நண்பகலில் நிற்பது, அந்த நாளின் மிக வளமான நேரத்தை இழப்பதாகும். அமைப்பைப் பொருத்திய நிறுவனத்திடம் முறையிட்டபோது, சிக்கல் வெளிக்கம்பியில் இருக்கிறது, தாங்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை என்ற பதிலே வந்தது. அந்தப் பதிலில் பாதி உண்மை இருந்தது. மீதிப் பாதியைக் கண்டுபிடித்ததற்காகத்தான் இரண்டாவது குழுவைப் பாராட்டி எழுதுகிறேன்.

மலேசியாவில் வீட்டு மின்சாரத்தின் பெயரளவு மின்னழுத்தம் 230 வோல்ட். 2008 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள இந்த அளவுக்கு மேலே 10 விழுக்காடும் கீழே 6 விழுக்காடும் ஏற்ற இறக்கம் அனுமதிக்கப்படுகிறது. அதாவது மீட்டருக்கு வரும் மின்னழுத்தம் 216.2 வோல்ட்டுக்கும் 253 வோல்ட்டுக்கும் இடையில் இருக்கலாம். அதற்கு முன்பு பெயரளவு 240 வோல்ட்டாக இருந்தது. பெயரளவு மாறியதே தவிர, தெருவோர மின்மாற்றிகள் மாறவில்லை. 11,000 வோல்ட்டை வாங்கி 433 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் மின்மாற்றிதான் இங்கே வழக்கம். தெருவில் மின்சாரம் கொண்டுவரும் மூன்று கம்பிகளை ஃபேஸ் அல்லது முனை என்பார்கள்; அது திரும்பிச் செல்லும் பொதுக் கம்பி நியூட்ரல். 433 வோல்ட் என்பது எந்த இரண்டு ஃபேஸ்களுக்கும் இடையிலான அளவு. ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் பார்த்தால் அது 250 வோல்ட். சுமை ஏறும்போது கம்பி நெடுகிலும் மின்னழுத்தம் குறைந்துகொண்டே போகும். கடைசி வீட்டுக்குப் போதிய அளவு சேர வேண்டுமானால் தொடக்கத்திலேயே சற்று உயர்த்தி அனுப்ப வேண்டும். மின்சாரம் ஒரே திசையில் மட்டும் ஓடிய காலத்தில் அது நேர்த்தியான ஏற்பாடு. இன்றைக்கு நண்பகலில் வீடுகளிலிருந்து மின்சாரம் திரும்பி வரும்போது, மின்னழுத்தம் கம்பியின் கடைசியில்தான் மிக அதிகமாக இருக்கிறது. 250 வோல்ட்டில் தொடங்குகின்ற கம்பியில் மேல்வரம்புக்கு மிஞ்சியிருப்பது 3 வோல்ட் மட்டுமே. எங்கள் வீடு அப்படிப்பட்ட ஒரு கம்பியின் கடைக்கோடியில் இருக்கிறது.

இந்தக் கணக்கை வந்த அன்றே தாளில் போட்டுக் காட்டியவர் அந்தக் குழுவின் மூத்த வயர்மேன். வேறு எவரும் எங்களுக்கு இதைச் சொல்லவில்லை. அவர் இன்வெர்ட்டரைத் தொடுவதற்கு முன்பே மீட்டர் பலகையில் ஒரு பதிவுக் கருவியையும், இன்வெர்ட்டரின் மாறுதிசை முனையில் அதே வகையான இன்னொரு கருவியையும் பொருத்தினார். இரண்டின் கடிகாரங்களையும் ஒத்துப்போகும்படி அமைத்துவிட்டு, வார நாள்களும் வார இறுதியும் சேரும்படி அவற்றை ஓடவிட்டார். ஓர் இடத்தில் மட்டும் அளந்தால், மின்னழுத்தம் உயர்ந்தது என்று தெரியும்; எங்கே உயர்ந்தது என்று தெரியாது. இரண்டு இடங்களில் ஒரே நொடியில் அளந்தால், தெருவிலிருந்து வந்த உயர்வையும் வீட்டுக்குள்ளேயே உண்டான உயர்வையும் பிரித்துவிடலாம். இந்தச் சேவையின் உயிர்நாடி இதுதான். கைபேசிச் செயலியில் தெரிகின்ற ஒற்றை எண்ணைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கின்ற தொழில்நுட்பர்களிடமிருந்து இவர்களைப் பிரித்துக் காட்டுவதும் இதுதான்.

பதிவுகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, உற்பத்தி உச்சத்தில் இருக்கும் வேளைகளில் இன்வெர்ட்டர் முனையின் மின்னழுத்தம் மீட்டர் பலகையில் இருந்ததைவிட 3 வோல்ட்டுக்கு மேல் கூடுதலாக இருந்தது. மீட்டரில் 250 வோல்ட். இன்வெர்ட்டரில் 253-ஐத் தாண்டியது. பொது மின்கட்டமைப்புடன் இணையும் சூரிய அமைப்புகளுக்கான ஐஇசி 61727 என்ற அனைத்துலகத் தரத்தின்படி, மின்னழுத்தம் பெயரளவில் 110 விழுக்காட்டைத் தாண்டினால் 2 நொடிக்குள் இன்வெர்ட்டர் விலகிக்கொள்ள வேண்டும். 230-இன் 110 விழுக்காடு 253. ஆக, கருவி தன் கடமையைத்தான் செய்தது. கோளாறு, இன்வெர்ட்டருக்கும் மீட்டர் பலகைக்கும் நடுவே ஓடிய கம்பியில் இருந்தது.

கார் நிறுத்துமிடத்தின் பின்சுவரில் பொருத்தப்பட்ட இன்வெர்ட்டரிலிருந்து பலகைவரை ஏறத்தாழ 20 மீட்டர் தூரத்துக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி இழுக்கப்பட்டிருந்தது. சூடேறாமல் மின்னோட்டத்தைத் தாங்குமா என்று மட்டும் பார்த்தால் அந்தக் கம்பி போதுமானதுதான்; விதிமீறல் என்று சொல்ல முடியாது. ஆனால் 4 சதுர மில்லிமீட்டர் செம்பின் மின்தடை கிலோமீட்டருக்கு 4.61 ஓம். போக 20 மீட்டர், வர 20 மீட்டர் என்று 40 மீட்டருக்குக் கணக்கிட்டால் 0.184 ஓம். 4 கிலோவாட் உற்பத்தியின்போது ஓடுகின்ற சுமார் 17.4 ஆம்பியரால் அதைப் பெருக்கினால் 3.2 வோல்ட். பதிவுக் கருவி காட்டிய வேறுபாட்டுக்கு இந்த எண் ஏறக்குறைய அப்படியே பொருந்தியது. அதே தூரத்துக்கு 10 சதுர மில்லிமீட்டர் கம்பியைப் போட்டால் மின்தடை கிலோமீட்டருக்கு 1.83 ஓம், உயர்வு 1.3 வோல்ட்டுக்குள் அடங்கிவிடும். தெருவே 250-இல் நிற்கும்போது, இந்த இரண்டு வோல்ட் வேறுபாடுதான் இன்வெர்ட்டர் ஓடுவதற்கும் நிற்பதற்கும் இடையிலான வேறுபாடு. கம்பிக்கு ஆகின்ற கூடுதல் செலவு, அமைப்பின் மொத்த விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. விலைப்புள்ளியில் தகட்டின் பெயரையும் இன்வெர்ட்டரின் பெயரையும் பெரிய எழுத்தில் போடுகின்ற நிறுவனங்கள், இந்தக் கம்பியின் பருமனை ஒரு வரியில்கூடக் குறிப்பிடுவதில்லை. இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

கம்பியை மாற்றினார்கள். மாற்றும்போது பலகையில் உள்ள எல்லா முனைகளையும் வெப்பப்படக் கருவியால் பார்த்து, நியூட்ரல் முனை ஒன்று சற்றுத் தளர்ந்து சூடேறியிருந்ததையும் கண்டு இறுக்கினார்கள். வேலை சுத்தமாக இருந்தது. சுவரில் புதிய குழாய் பொருத்திய இடத்தில் பூச்சையும் சரிசெய்துவிட்டுப் போனார்கள்.

அடுத்தது இன்வெர்ட்டருக்குள் உள்ள அமைப்புமுறைகள். இங்கேதான் எனக்கு இந்தக் குழுவின்மேல் மதிப்பு மிகவும் கூடியது. இன்வெர்ட்டர் நிற்பதைத் தடுக்கக் குறுக்குவழி ஒன்று உண்டு. கருவிக்குள் பதிவாகியிருக்கும் நாட்டு விதித்தொகுப்பை மாற்றி வேறொரு நாட்டுக்குரியதைத் தேர்ந்தெடுத்தால் மேல்வரம்பு உயர்ந்துவிடும். எடுத்துக்காட்டாக, ஆஸ்திரேலிய, நியூசிலாந்துத் தரமான 4777.2 பத்து நிமிடச் சராசரியாக 258 வோல்ட்வரை இன்வெர்ட்டரை இயங்க விடுகிறது. அப்படிச் செய்துகொண்டவர்கள் எங்கள் பகுதியிலும் உண்டு என்று கேள்விப்பட்டதால், அது முடியுமா என்று கேட்டேன். குழுவின் இளைஞர் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: “ஐயா, அந்த எண்ண ஏத்தி விட எனக்கு ரெண்டு நிமிஷம் போதும். அப்புறம் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜுக்கு யாரு பதில் சொல்றது?” 253 வோல்ட் என்ற எல்லை இன்வெர்ட்டரைப் பாதுகாப்பதற்காக மட்டும் வைக்கப்பட்டதன்று. அதே கம்பியில் தொங்குகின்ற எல்லா வீடுகளின் விளக்கு, குளிர்பெட்டி, மின்விசிறி எல்லாவற்றுக்கும் அதுவே எல்லை. நீர் சூடேற்றி போன்ற மின்தடைச் சுமைகள் 230 வோல்ட்டில் எடுப்பதைவிட 253 வோல்ட்டில் 21 விழுக்காடு கூடுதல் திறனை எடுக்கும். வரம்பை நாம் உயர்த்திக்கொண்டால், அதை உயர்த்தாத அண்டை வீட்டுக்காரரின் இன்வெர்ட்டர் நமக்காக நிற்கும். பணம் வாங்கிக்கொண்டு இந்த வேலையைச் செய்ய மறுத்த நேர்மைக்கு நான் முழு மதிப்பெண் தருகிறேன்.

அதற்குப் பதிலாக அவர்கள், உள்ளூர் வரம்புக்குள்ளேயே, இன்வெர்ட்டர் தயாரிப்பாளர் அனுமதித்துள்ள இரண்டு கட்டுப்பாடுகளை உரிய இசைவுடன் இயக்கிவைத்தார்கள். வோல்ட்-வாட் என்ற முதல் கட்டுப்பாடு, மின்னழுத்தம் மேல்வரம்பை நெருங்கும்போது உற்பத்தியைப் படிப்படியாகக் குறைக்கும். முன்பு 4 கிலோவாட்டிலிருந்து ஒரேயடியாகச் சுழிக்கு விழுந்து, காத்திருந்து, மறுபடி ஏறிய இன்வெர்ட்டர், இப்போது சில நண்பகல்களில் 3 கிலோவாட் அளவில் அமைதியாக ஓடுகிறது. இழப்பு முற்றாகப் போய்விடவில்லை. ஆனால் பெருமளவு குறைந்துவிட்டது. பல வீடுகளின் இன்வெர்ட்டர்கள் ஒரே நேரத்தில் விழுந்து எழும்போது தெருவின் மின்னழுத்தமும் கூடவே துள்ளும். படிப்படியாகக் குறைப்பது அந்தத் துள்ளலையும் தணிக்கிறது.

வோல்ட்-வார் என்ற இரண்டாவது கட்டுப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஏனென்றால் விற்பனையாளர்கள் இதை எல்லா நோய்க்கும் மருந்தாகச் சொல்கிறார்கள். மின்னழுத்தம் உயரும்போது இன்வெர்ட்டர் கம்பியிலிருந்து ரியாக்டிவ் பவரை, அதாவது வேலை எதுவும் செய்யாமல் கம்பிக்கும் கருவிக்கும் இடையே போய்வரும் திறனை, உள்ளிழுத்து, அதன் வழியாக மின்னழுத்தத்தைக் கீழே இழுக்கிறது. கோட்பாடு சரியானது, உயர் அழுத்தக் கம்பிகளில் சிறப்பாக வேலை செய்கிறது. ஆனால் வீட்டுத் தெருவின் தாழ்வழுத்தக் கம்பியில் மின்தடை அதிகம், தூண்டல் மறுப்பு, அதாவது கம்பியின் காந்தப்புலம் மாறுகின்ற மின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு, குறைவு. ரியாக்டிவ் பவர் தூண்டல் மறுப்பின் வழியாகத்தான் மின்னழுத்தத்தை அசைக்க முடியும். எங்கள் வீட்டைப் போன்ற ஓர் அமைப்பு 0.9 திறன்காரணியில், அதாவது மொத்தக் கொள்ளளவில் 90 விழுக்காடு மட்டும் பயனுள்ள திறனாக வரும்படி, ஓடினால், 4 கிலோவோல்ட்-ஆம்பியர் கொள்ளளவில் 3.6 கிலோவாட்டைத்தான் உற்பத்திக்குப் பயன்படுத்தலாம், அதோடு 1.74 கிலோவார் ரியாக்டிவ் பவர் உள்ளிழுக்கப்படும் (இந்த இரண்டும் நேராகக் கூட்டப்படுவதில்லை). 300 மீட்டர் தெருக்கம்பியில் அந்த அளவு ரியாக்டிவ் பவரால் கிடைக்கும் இறக்கம் அரை வோல்ட்டைக்கூடத் தொடாது. தனி ஒரு வீட்டுக்கு இதனால் பெரிய பயன் இல்லை என்பதைக் குழுவினரே ஒளிக்காமல் சொன்னார்கள்.

ஆனால் ஊர் கூடி இழுக்கும்போது கதை வேறு. 40 வீடுகள் ஒன்றாகச் சேர்ந்து அதே அளவு உள்ளிழுத்தால் சுமார் 70 கிலோவார். 500 கிலோவோல்ட்-ஆம்பியர் மின்மாற்றியின் மின்மறுப்பை (மின்னோட்டத்துக்கு அது காட்டும் மொத்த எதிர்ப்பை) 4.5 விழுக்காடு என்று வைத்துக் கணக்கிட்டால், மின்மாற்றியிலேயே ஏறத்தாழ ஒன்றரை வோல்ட் இறக்கம் கிடைக்கும். அதற்கு மேலே 11,000 வோல்ட் கம்பியில் இன்னும் கொஞ்சம் கிடைக்கும். ஆகவே வோல்ட்-வார் ஒரு பொதுநன்மை. எல்லோரும் செய்தால் எல்லோருக்கும் பயன். ஒருவர் மட்டும் செய்தால் அவர் தம் உற்பத்தியில் கொஞ்சத்தை இழப்பதுதான் மிச்சம். இத்தகைய ஒன்றைத் தனித்தனி வீட்டுக்காரரின் விருப்பத்துக்கு விடாமல், எல்லா இன்வெர்ட்டருக்கும் பொதுவான அமைப்பாக விதிப்பதே முறை. ஆஸ்திரேலியா தன் தரத்தின் 2020 பதிப்பில் வோல்ட்-வார், வோல்ட்-வாட் இரண்டையும் தொடக்கத்திலேயே இயங்கும்படி கட்டாயமாக்கியிருக்கிறது. ஜெர்மனியில் தாழ்வழுத்தக் கம்பியில் சேர்கின்ற உற்பத்தி நிலையங்கள் அனைத்தாலும் சேர்ந்து உண்டாகின்ற மின்னழுத்த உயர்வு 3 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது வழக்கிலுள்ள திட்ட விதி. இங்கேயும் கூரைகள் நிறைந்துகொண்டே வருகின்றன. இந்த ஒழுங்கு வீடுவீடாகச் சேவைக் கட்டணம் செலுத்தி வாங்கப்படும் பொருளாக இருக்கக்கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

சேவையின் அறிக்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, எங்கள் வீட்டுச் சுவரைத் தாண்டி வெளியே நடப்பதை விளக்கிய பக்கம். கூரைமேல் தகடு உள்ள வீடுகளில் பல ஒரே ஃபேஸில் இணைந்திருக்கக்கூடும் என்று பதிவின் வடிவத்தை வைத்து அவர்கள் ஊகித்திருந்தார்கள். இது சிறிய விஷயமன்று. தெருவில் வழக்கமாக ஓடுகின்ற 185 சதுர மில்லிமீட்டர் அலுமினியக் கம்பிக்குக் கிலோமீட்டருக்கு 0.164 ஓம், அதனுடன் வருகின்ற 120 சதுர மில்லிமீட்டர் நியூட்ரலுக்கு 0.253 ஓம். 300 மீட்டர் தூரத்தில் உள்ள ஒரு வீடு ஒரே ஃபேஸில் 4 கிலோவாட்டைத் திருப்பி அனுப்பினால், ஃபேஸ் கம்பியும் நியூட்ரலும் சேர்ந்து சுமார் 2.2 வோல்ட் உயர்வை உண்டாக்கும். அதே 4 கிலோவாட்டை மூன்று ஃபேஸ்களிலும் சமமாகப் பகிர்ந்தால், ஒவ்வொரு ஃபேஸிலும் மூன்றில் ஒரு பங்கு மின்னோட்டம்தான், நியூட்ரலில் ஏதும் ஓடாது, உயர்வு 0.3 வோல்ட்டுக்குள் நின்றுவிடும். ஏழு மடங்குக்கு மேல் வேறுபாடு. புதுக்கம்பி இழுக்காமல், மின்மாற்றி மாற்றாமல், வீடுகளின் ஃபேஸ் இணைப்பை மாற்றிக் கோப்பதாலேயே ஒரு தெருவின் மின்னழுத்தச் சிக்கலில் கணிசமான பகுதி தீரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டியதில்லை. இந்த வேலை விநியோக நிறுவனத்தின் பொறுப்பு. மீட்டருக்கு அப்பால் வீட்டுக்காரரோ அவர் அமர்த்திய வயர்மேனோ கை வைக்கக்கூடாது. குழுவினர் பதிவுகளையும் விளக்கத்தையும் இணைத்து, விநியோகத் தரப்புக்கு நாங்கள் அனுப்பத்தக்க ஒரு விண்ணப்பத்தையும் தயாரித்துக் கொடுத்தார்கள். அதன் பேரில் வந்தவர்கள் தங்கள் சொந்தக் கருவியை வைத்துப் பதிவெடுத்துச் சென்றிருக்கிறார்கள்.

மின்மாற்றியின் டேப்பை, அதாவது அது தரும் மின்னழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டிக் குறைக்கும் இணைப்பை, ஒரு படி இறக்கிவிட்டால் போதாதா என்று பக்கத்து வீட்டு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. தெருவோர மின்மாற்றிகளில் இரண்டரை விழுக்காட்டுப் படிகள் உண்டு. ஒரு படி இறக்கினால் ஏறத்தாழ 6 வோல்ட் குறையும். நண்பகல் சிக்கல் அன்றே மறைந்துவிடும். ஆனால் அந்தப் படியை மாற்ற மின்மாற்றியை நிறுத்த வேண்டும். காலையில் ஒரு படி, மாலையில் ஒரு படி என்று மாற்றிக்கொண்டிருக்க முடியாது. எங்கள் வீட்டுப் பதிவின்படி, இரவு உணவு நேரத்தில் குளிர்சாதனங்களும் மின்கார்களின் மின்னேற்றிகளும் ஒன்றாக ஓடும்போது மின்னழுத்தம் 222 வோல்ட்டுக்கு இறங்குகிறது. அதில் 6 வோல்ட்டைக் குறைத்தால் 216; கீழ்வரம்பின் விளிம்புக்கே வந்துவிடும். பகலில் 250-க்கு மேல், இரவில் 222. ஒரே நாளில், அனுமதிக்கப்பட்ட அகலத்தில் பெரும்பகுதியை இந்தத் தெரு அளந்துவிடுகிறது. 33,000 வோல்ட்டை 11,000 வோல்ட்டாக மாற்றும் பெரிய துணைமின்நிலையத்தில், ஓடிக்கொண்டிருக்கும்போதே படி மாற்றும் கருவி இருக்கிறது. அது தன் முனையின் மின்னழுத்தத்தைப் பார்த்து நடக்கிறது. அதன்கீழே ஒரு தெரு உற்பத்தியில் பொங்குவதும் அடுத்த தெருவில் தொழிற்சாலை ஒன்று இழுப்பதும் அதற்குத் தனித்தனியாகத் தெரியாது. எல்லாக் கிளைகளுக்கும் அது ஒரே படியைத்தான் கொடுக்க முடியும். தெருவோர மின்மாற்றியிலேயே தானாகப் படி மாற்றும் அமைப்பை ஜெர்மனியில் சில இடங்களில் வைத்திருக்கிறார்கள். செலவு அதிகமான வழி என்றாலும், பகலும் இரவும் இப்படி எதிரெதிராக இழுக்கின்ற தெருக்களுக்கு அதுவே நேரான மருந்து.

பினாங்கில் இந்தச் சிக்கல் ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. மழை மேகம் சூழ்கின்ற மாதங்களில் இன்வெர்ட்டர் நின்றதை நாங்கள் அரிதாகவே பார்த்தோம். வறண்ட வானமுள்ள ஜனவரி, பிப்ரவரியில்தான் அது முற்றும். அதிலும் தைப்பூசத் திருநாளில், வீதியில் பாதி வீடுகள் பூட்டியிருக்க, எல்லோரும் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போயிருக்கும் நண்பகலில், கூரைகள் உற்பத்தி செய்வதை இழுத்துக்கொள்ள வீடுகளில் சுமையே இருக்காது. குழுவினர் இதை நன்கு அறிந்திருந்தார்கள். அதனால்தான் பதிவுக் காலத்தில் வார இறுதியைச் சேர்த்தார்கள். அறிக்கையின் முடிவில், துணி துவைக்கும் இயந்திரத்தையும் நீர் சூடேற்றியையும் நண்பகலில் தானாக ஓடும்படி நேரம் குறித்து வைக்கச் சொல்லியிருந்தார்கள். வெளியே போகின்ற ஒவ்வொரு ஆம்பியரும் குறையும்போது மின்னழுத்த உயர்வும் அதே விகிதத்தில் குறைகிறது என்பதால், இதைச் செலவில்லாத தீர்வு என்றே சொல்லலாம். மின்கலத்தொகுதி வாங்கும்படி அவர்கள் வற்புறுத்தவில்லை. இன்றைய விலையில் மின்னழுத்தச் சிக்கலுக்காக மட்டும் அதை வாங்குவது எங்கள் வீட்டுக்குப் பொருந்தாது என்று அவர்களே கணக்குப் போட்டுச் சொன்னார்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். அறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில், வரைபடங்களும் சுருக்கெழுத்துகளுமாக இருந்தது. பேசும்போது தமிழிலும் மலாயிலும் அவ்வளவு அழகாக விளக்கியவர்கள், அந்த விளக்கத்தில் ஒரு பக்கத்தையாவது எழுத்தில் சேர்த்திருக்கலாம். என் தாயார் பெயரில் உள்ள மின்கணக்குக்கான அறிக்கை அது. அவரால் அதை வாசிக்க முடியவில்லை. அடுத்து, பதிவு எடுத்து முடித்ததற்கும் அறிக்கை கைக்கு வந்ததற்கும் இடையே நீண்ட இடைவெளி இருந்தது. நாங்கள் நினைவூட்ட வேண்டியிருந்தது. மூன்றாவதாக, கம்பி மாற்றிய பிறகும் அதே இரண்டு கருவிகளை மீண்டும் வைத்து முன்னும் பின்னும் ஒப்பிட்டுக் காட்டுவதைக் கட்டணத்துக்குள்ளேயே சேர்த்திருக்க வேண்டும். இப்போது அது தனிக் கட்டணம். மாற்றத்துக்குப் பிறகு இன்வெர்ட்டர் செயலியின் எண்களை மட்டுமே நாங்கள் நம்ப வேண்டியிருக்கிறது. நல்ல வேலை செய்தவர்கள் தம் வேலைக்கான சான்றைத் தாமே முழுமையாக்காமல் விடுவது முறையாகாது.

சோதனைக்கும் அறிக்கைக்கும் ஏறக்குறைய 500 ரிங்கிட் ஆயிற்று. கம்பி, குழாய், கூலி தனி. இழந்துகொண்டிருந்த நண்பகல் உற்பத்தியை வைத்துப் பார்த்தால் இந்தச் செலவை நியாயமானதாகவே கருதுகிறேன். தெருவின் தொடக்கத்தில், மின்மாற்றிக்கு அருகில் வீடு உள்ளவர்களுக்கு இந்தச் சேவை பெரும்பாலும் தேவைப்படாது. கம்பியின் கடைசியில் இருப்பவர்கள், ஒருமுனை இணைப்புள்ளவர்கள், இன்வெர்ட்டர் செயலியில் மிகை மின்னழுத்தம் என்ற எச்சரிக்கையை நண்பகலில் அடிக்கடி காண்பவர்கள் ஆகியோர் தயங்காமல் இதைச் செய்துகொள்ளலாம். புதிதாக அமைப்பைப் பொருத்தப் போகிறவர்கள், புதுப்பிக்கத்தக்க எரிசக்தியைக் கவனிக்கும் அரசு அமைப்பான சேடாவில் பதிவுபெற்ற நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதோடு நின்றுவிடாமல், இன்வெர்ட்டரிலிருந்து பலகைவரையான கம்பியின் நீளத்தையும் பருமனையும், முழு உற்பத்தியில் அந்தக் கம்பியில் எத்தனை வோல்ட் உயரும் என்பதையும் விலைப்புள்ளியிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். உயர்வு 1 விழுக்காட்டுக்குள், அதாவது 2.3 வோல்ட்டுக்குள் இருக்கும்படி கேட்பது பேராசையன்று.

ஏற்கெனவே அமைப்பு உள்ளவர்கள் வேறொரு குழுவை அழைப்பதற்கு முன்பு உத்தரவாதப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். முதல் நிறுவனத்தின் எழுத்துமூல இசைவு இல்லாமல் இன்வெர்ட்டரின் அமைப்புமுறையை மற்றவர் மாற்றினால் உத்தரவாதம் செல்லாது என்ற நிபந்தனை எங்கள் பத்திரத்தில் இருந்தது. பிறைக் குழுவினர் அந்த இசைவுக் கடிதத்தைக் கையில் வாங்கிய பிறகே கருவியின் கடவுச்சொல்லைக் கேட்டார்கள். மாற்றுவதற்கு முன்பிருந்த அமைப்புமுறைகளை ஒவ்வொன்றாகப் படமெடுத்து அறிக்கையின் பின்னிணைப்பில் சேர்த்தும் தந்திருக்கிறார்கள்.